தாடைத் தசையின் இறுக்கத்தை ஒலியால் அளத்தல்



காலையில் துயிலெழும்போதே தாடை இறுகி, வாய் திறக்க வருந்துவோர் சிலரை நாம் அறிவோம். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவருக்கு இத்துன்பம் ஈராண்டு காலம் இருந்தது. பல்லிலே பழுது இல்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பும் செவ்வையாகவே தோன்றியது. ஆகவே, மனக்கவலையே காரணம் என்றனர் சிலர். விடுமுறை பெறுதற்கு ஒரு சாட்டு என்று கூறினாரும் உளர். கண்ணுக்குப் புலப்படாத நோவை உடையார்க்கு அந்நோவினுங் கொடியது, பிறர் அதனை நம்பாமையே.

நான் விஞ்ஞானப் பட்டதாரி அல்லேன். எனினும், தசையின் இறுக்கத்தை ஒலியலை கொண்டு அளக்கும் முறை ஒன்று உண்டென அறிந்தபோது, அவ்வாசிரியரை நினைந்தே அதனைப் பற்றிப் படிக்கலானேன்.

உங்கள் கன்னத்தின்மேல் விரல்களை வைத்துப் பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். காதுக்குச் சற்று முன்னே ஒரு தசை திரண்டெழுவதை உணர்வீர்கள். கன்ன எலும்பின் வளைவிலே தொடங்கிக் கீழ்த்தாடையின் மூலையில் வந்து பொருந்தும் இத்தசை, உணவை மெல்லுதற்கு உதவும் தசைகளுள் வலிமை மிக்கது. வைத்தியர்கள் நெடுங்காலமாக இதனை விரலால் அழுத்தியே சோதித்து வந்தனர். ஆனால், ஒருவர் விரலுக்குக் கடினமாயிருப்பது மற்றொருவர் விரலுக்கு மென்மையாகத் தோன்றலாம். சென்ற மாதத்து இறுக்கத்தை இன்றையதோடு ஒப்பிடுவதற்கு விரலின் நினைவும் போதாது.

இக்குறையை நீக்க வந்ததே கழியொலி. விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி கேளாது. அத்தகைய ஒலியை உடலினுள் செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு கருவிலுள்ள குழந்தையைப் படமாகக் காண்பதை நாம் அறிவோம். ஆனால், எதிரொலி உருவத்தைக் காட்டுமேயன்றி, இறுக்கத்தை நேரே காட்டாது. இறுக்கத்தை அறிய மற்றொரு வழி வேண்டும்.

அவ்வழியைப் பாரிஸ் நகரில் மத்தியாஸ் ஃபிங்க் என்னும் பௌதிகப் பேராசிரியரும் அவர்தம் துணைவர்களும் விருத்தி செய்து, 2004ஆம் ஆண்டில் விரித்தெழுதினர். கழியொலியைத் தசையினுள் ஓரிடத்திற் குவித்தால், அவ்விடம் மிக நுண்ணிதாக உந்தப்படுகிறது. குளத்திற் கல் விழுந்தாற்போல, அங்கிருந்து ஒரு சிற்றலை பக்கவாட்டாகப் பரவுகிறது. கழியொலி உடலினுள் விநாடிக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் விரைந்தோட, இச்சிற்றலையோ விநாடிக்குச் சில மீற்றர் மாத்திரமே செல்லும். விநாடிக்குப் பல்லாயிரம் படங்களை எடுக்கும் கருவி, அதன் வேகத்தைக் கணித்துவிடுகிறது.

வேகம் எதற்கு? தொய்ந்த கொடிக்கயிற்றைச் சுண்டினால் அதிர்வு மெல்லச் செல்லும். இழுத்துக் கட்டிய கயிற்றில் விரைந்து செல்லும். தசையிலும் அவ்வாறே. வேகம் இரு மடங்காயின், இறுக்கம் நான்கு மடங்கு என்று கொள்வர். நலமுடையார் ஓய்ந்திருக்கும்போது இத்தசையின் இறுக்கம் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் அளவினது. அப்போது சிற்றலையின் வேகம் விநாடிக்கு 2 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. பற்களைக் கடித்தவுடன் அது விரைந்தேறும்.

அளப்போர் கவனிக்க வேண்டியவை சில உள. கருவியின் முனையைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்தால் எண் பொய்யாக உயரும். தசையிழைகள் செல்லும் திசையிலே முனையை வைத்தல் வேண்டும்; குறுக்கே வைத்தால் விடை மாறும். பற்கள் ஒன்றையொன்று தொடாது தாடை தளர்ந்திருத்தலும் அவசியம். ஆகவே, பல முறை அளந்து சராசரி காண்பர்.

இனி, இவ்வெண்ணின் பொருள் யாது? தாடை நோயுடையாரிடத்தே இறுக்கத்தின் சராசரி கூடியிருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், நோயாளர் சிலரின் எண் நலமுடையார் எண்ணை ஒத்திருத்தலும் உண்டு. ஆதலால், ஒருவரை ஒருமுறை அளந்து நோய் உண்டு, இல்லை எனத் தீர்த்துரைத்தல் தகாது. ஒருவரையே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவதிலேயே இம்முறையின் பயன் பெரிது.

இறுக்கம் வேறு, நோவு வேறு. கருவி அளப்பது முன்னதையே. எண் கூடியிருந்தால், நோயாளர் சொல்லுக்கு அது ஒரு சான்றாகலாம். குறைந்திருந்தால், அவர் பொய்யர் என்பதற்கு அது சான்றாகாது. பரீட்சைப் புள்ளி மாணவனைப் பற்றி ஒன்றைச் சொல்லும், எல்லாவற்றையும் சொல்லாது என்பதைப் பல்லாண்டு பள்ளியில் இருந்தவன் என்ற முறையில் நான் அறிவேன். என் நண்பராகிய அவ்வாசிரியரை இன்று இக்கருவியால் அளந்தால், எண் எதுவாயினும் ஆகுக. அதற்கு முன் அவரை ஒருவர் அமர்த்தி, “எங்கே நோகிறது?” என்று கேட்டு, விடையை நம்புதல் வேண்டும்.