கை பழகும் காலத்துக்கும் கூலி

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் எண்ணெய் வாசம் தூக்கும். பலகையில் குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் பெரியவர் ஒருவர் எண்ணெயை ஓட்டுகிறார். நடுமுதுகு எலும்பைத் தொடாமல், இரு பக்கமும் கட்டைவிரல் மெல்ல இறங்குகிறது. பக்கத்தில் இருபது வயதுப் பையன் கிண்ணம் ஏந்தி நிற்கிறான். துண்டு எடுத்துக் கொடுப்பான், பலகை துடைப்பான். அவன் கை ஒரு முதுகைத் தொட இன்னும் எத்தனை சீசன் ஆகுமோ! சாப்பாடு உண்டு, செலவுக்குச் சில்லறை உண்டு. சம்பளம் கிடையாது.

சித்த மருத்துவத்தில் இந்தக் கைவேலைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. காய்ச்சல்காரரை, எலும்பு முறிந்தவரை, காலில் ரத்தம் உறைந்தவரைத் தொடவே கூடாது. கிண்ணம் ஏந்தி நின்றால் மட்டும் இதெல்லாம் வந்துவிடாது. உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும்.

சம்பளத்தோடு பழக வழி இருக்கிறதா என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால், இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். 4 பேர் உள்ள இடமும் விரும்பினால் சேர்க்கலாம். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 2016-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் அதில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கிறது. அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, ஆயுர்வேத மையங்களிலும் ஸ்பா உள்ள பெரிய ரிசார்ட்டுகளிலும் நேரில் போய்க் கேளுங்கள். ஒப்பந்தம் பதிவாகுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், பயிற்சிக் கட்டணம் என்று பணமும் கட்டி, அசல் சான்றிதழையும் கொடுத்துவிட்டு ஆறு மாதம் துண்டு துவைத்தாள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். பெண்களுக்குப் பெண்ணே சொல்லித்தருகிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகை போட்டிருக்கும் பெரியவரால் பழகுநரைச் சேர்க்க முடியாது. அவருக்கு வருமானமே மூன்று மாதம்தான். அருவியில் எண்ணெய், சோப்பு கூடாதென்று 2014-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்ட பிறகு இந்தத் தொழிலுக்கு அறைகள்தான் கதி. அறை வைத்திருக்கும் ரிசார்ட்டுக்காரர்கள் அந்தப் பெரியவரை ஆசிரியராக வேலைக்கு வைக்கலாம். கிண்ணம் ஏந்தும் பையனை அவரிடமே பழகுநராகப் பதியலாம். அடுத்த ஆனிக்கு இன்னும் நாள் இருக்கிறது.