மழைக்கு முன் பொறியைப் பேணுதல்

திருவனந்தபுரத்தில் கரமனையாற்றங்கரையில் அமைந்தது கரமனை. இங்கு ஆண்டில் இருமுறை பருவமழை பெய்யும். வீட்டில் புகும் வெள்ளத்தை இறைக்கப் பெட்ரோலில் இயங்கும் சிறு பொறி உதவும். ஆயினும், பல திங்கள் ஓய்ந்திருந்த பொறி தேவைப்படும் நாளில் இயங்க மறுப்பதுண்டு. காரணம் யாது?

இன்று இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலினின்று பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எரிபொருள் குழாய் அடியிலிருந்தே தொடங்குவதால், அந்நீரே கார்புரேட்டரை முதலில் அடையும். மேலும், நாட்பட்ட பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும்.

பொறி நன்கு ஆறிய பின்னர், நெருப்பில்லாத திறந்தவெளியில் பெரியோர் இதனைச் சீர்செய்வர். முதலில் பழைய பெட்ரோலை வடித்து மூடியுள்ள கலத்தில் சேர்ப்பர். அதனை ஆற்றிலோ சாக்கடையிலோ ஊற்றலாகாது. அடுத்து, கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றித் துடைப்பர். நுண்துளையைத் தூய்மை செய்யும் திரவத்தால் கழுவுவர். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். இறுதியில் வடிகட்டியை மாற்றிப் புதிய பெட்ரோலை நிரப்புவர்.

மழைக்காலம் முடிந்ததும் தொட்டியை வடித்து, எஞ்சிய பெட்ரோல் தீர்ந்து பொறி தானே நிற்கும்வரை இயக்கி வைத்தால், அடுத்த மழைக்கு அது ஆயத்தமாக இருக்கும்.

சொற்பொருள்: பொறி – இயந்திரம், திங்கள் – மாதம், விழுக்காடு – சதவீதம், கலம் – பாத்திரம்.