உங்களுக்குத் தெரியுமா? வெயிலிலேயே குளிரும் தகடு!

உச்சி வெயிலில் திறந்தவெளியில் வைத்த ஒரு தகடு, சுற்றியுள்ள காற்றைவிட 4.9 டிகிரி செல்சியஸ் குளிர்ந்து கிடந்தது. மின்சாரம் துளியும் இல்லை! 2014இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபேன் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள்.

எல்லாப் பொருள்களும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடுகின்றன. அதில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தைக் காற்று மண்டலம் பெரிதாகத் தடுப்பதில்லை. வெப்பம் நேரே விண்வெளிக்குப் போய்விடும்.

வெப்பக் கணக்கு இதுதான்: தகடு வெளிவிடும் வெப்பத்திலிருந்து, வானம் திருப்பி அனுப்புவது, வெயிலில் உறிஞ்சியது, காற்று கொண்டுவந்து சேர்ப்பது ஆகிய மூன்றையும் கழித்தால் மிஞ்சுவதே குளிர்விக்கும் திறன். வெயிலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தெளிந்த, வறண்ட வானத்திலும் அது சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட்தான். உச்சி வெயிலோ ஏறக்குறைய 1,000 வாட்! அதில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினாலே ஆதாயம் முழுவதும் பறிபோகும். அதனால்தான் வெள்ளிப் பூச்சின்மேல் மெல்லிய ஏழு அடுக்குகள் வைத்து, 97 சதவீத வெயிலைத் திருப்பியடித்தார்கள். காற்றின் சூடு தாக்காமலிருக்க மேலே பாலிஎத்திலீன் தாள். அகச்சிவப்புக் கதிர் அதை ஊடுருவிச் செல்லும். அருமையான யோசனை!

ஈரான் பாலைவனத்து மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இதே வழியில் இரவு வானத்தை நம்பி ஆழமற்ற குளங்களில் பனிக்கட்டி எடுத்தவர்கள். ஆனால் காற்றில் ஈரப்பதம் கூடினால், வெப்பம் விண்வெளிக்குப் போகும் இந்த வழி பெருமளவு அடைபடும். புழுக்கமான கடலோர ஊர்களில் பலன் குறைவே.