மூவர் கூடிப் பேசினால்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு மகாநாடு நடந்தது. என் தாயார், என் மனைவி, நான் ஆகிய மூவரும் கூடி, எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளின் விஷயமாகச் சில தீர்மானங்கள் செய்தோம். மாதத்துக்கு இரண்டு நாள் விடுமுறை கொடுப்பது. தீபாவளிக்கு ஒரு புடவையுடன் ஒரு மாதச் சம்பளமும் இனாம் தருவது. அதற்குப் பதிலாக, காலை ஏழு மணிக்கு வருகிறவளை ஆறு மணிக்கே வரச் சொல்லுவது. தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. எங்களுடைய தாராள குணத்தை எண்ணி நாங்களே மெச்சிக் கொண்டோம்.

எட்டாவது வகுப்பில் படிக்கும் என் பெண், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா! அந்த அக்காளை நீங்கள் கேட்டீர்களா? அவளுடைய பிள்ளை ஆறே முக்காலுக்கு அல்லவா பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிறான்?" என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறவன் நான். ஆயினும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் அது புதிய கேள்வி அன்று. நூறு வருஷத்துக்கு முன்னால் உலக தேசங்கள் ஒன்று கூடி எழுப்பிய கேள்விதான் அது. உழைக்கிறவனைப் பற்றித் தீர்மானம் செய்யும்போது, உழைக்கிறவனைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

வாஷிங்டனில் நான்கு நாற்காலிகள்

முதல் உலக யுத்தம் முடிந்து 1919-ஆம் வருஷத்தில் வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அதன் ஒரு பகுதியாகவே சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் பிறந்தது. உலகத்தில் நிரந்தரமான சமாதானம் வேண்டுமானால், உழைப்பாளி வீட்டில் பசியும் ஆத்திரமும் குறைய வேண்டும் என்பதை அதன் கர்த்தாக்கள் உணர்ந்திருந்தார்கள். ஒரு தேசம் மட்டும் தன் தொழிலாளருக்கு நன்மை செய்தால், அதன் சரக்கின் விலை ஏறும். அண்டை தேசத்தின் மலிவான சரக்கு அதைத் தோற்கடித்துவிடும். ஆகையால் எல்லா தேசங்களும் சேர்ந்து சில பொது விதிகளை ஏற்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

அந்த ஸ்தாபனத்தின் அமைப்பில் ஒரு புதுமை இருந்தது. சாதாரணமாக, தேசங்களின் சபைகளிலே சர்க்கார் பிரதிநிதிகள்தான் உட்காருவார்கள். இங்கேயோ ஒவ்வொரு தேசத்துக்கும் நான்கு நாற்காலிகள். சர்க்காருக்கு இரண்டு, முதலாளிகளுக்கு ஒன்று, தொழிலாளருக்கு ஒன்று. இதைவிட முக்கியமான விஷயம், நால்வரும் தனித் தனியே வோட்டுப் போடலாம் என்பது. தொழிலாளர் பிரதிநிதி, தம் தேசத்து சர்க்காருக்கு எதிராகவே கையைத் தூக்கலாம்! இந்த விதி இன்று வரை மாறவில்லை. அங்கத்தினராக இருக்கும் 187 தேசங்களுக்கும் இதுவே கணக்கு. ஸ்தாபனத்தின் நிர்வாக சபையிலும் சர்க்கார்களுக்கு 28 ஸ்தானங்கள், முதலாளிகளுக்கு 14, தொழிலாளருக்கு 14.

முதல் மகாநாடு 1919 அக்டோபரில் வாஷிங்டன் நகரில் கூடியது. ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்னும் முதல் உடன்படிக்கை அங்கே உருவாயிற்று. பிரசவ கால விடுமுறை, வேலைக்கு அமர்த்தும் சிறுவரின் வயது வரம்பு முதலியவற்றையும் அதே மகாநாடு தீர்மானித்தது.

பெரம்பூரிலிருந்து போனவர்

அப்போது இந்தியா அடிமை நாடு. ஆனாலும் அந்த ஸ்தாபனத்தில் ஆரம்பம் முதலே அங்கத்தினர். தொழிலாளருக்கான நாற்காலியில் யாரை உட்கார வைப்பது? தேசம் முழுவதற்குமான தொழிற்சங்கம் ஒன்றும் அன்று கிடையாது. சர்க்கார், இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த என்.எம். ஜோஷியைப் பிரதிநிதியாக நியமித்தது. அவருக்கு ஆலோசகராகப் போனவர் பி.பி. வாடியா.

வாடியாவின் பெயரைச் சென்னை வாசிகள் மறக்க முடியாது. பம்பாயில் பிறந்த பார்ஸிக்காரர். அடையாறில் அன்னி பெஸன்ட் அம்மையாருடன் பணி செய்தவர். பெரம்பூர் மில் தொழிலாளர்களின் குறைகளை முதலில் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்னும் இருவர். நண்பகல் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதும் அக்குறைகளில் ஒன்று. சோற்றை விழுங்கிவிட்டு ஓட வேண்டியிருந்தது. அவர்கள் வாடியாவின் உதவியை நாடினார்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. வாடியா தலைவரானார். திரு.வி. கலியாணசுந்தர முதலியாரும் அச்சங்கத்துக்காக அரும்பாடு பட்டார்.

ஆக, பெரம்பூர் மில் வாசலில் பேசிய மனிதர், அடுத்த வருஷமே கடல் கடந்து உலக சபையில் உட்கார்ந்தார். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் நடந்தது என்ன? 1920-இல் மில் கம்பெனி சங்கத் தலைவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. தொழிலாளரை வேலை நிறுத்தத்துக்குத் தூண்டக் கூடாதென்று சென்னை ஹைகோர்ட் தடையுத்தரவு போட்டது. உலக சபையில் நாற்காலி, உள்ளூரில் வாய்ப்பூட்டு! இந்த முரண்பாடுதான், தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று ஜோஷியைச் சட்டசபையில் பேசச் செய்தது. 1926-ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் அதன் பலன்.

வாஷிங்டன் மகாநாட்டிலும் இந்தியாவுக்கு முழு நியாயம் கிட்டவில்லை. மற்றவர்களுக்கு வாரத்துக்கு 48 மணி என்றால், இந்தியாவுக்கு மட்டும் 60 மணி என்று தனி விதி எழுதினார்கள். 1922-இல் திருத்திய தொழிற்சாலைச் சட்டம் அந்த 60 மணியையே ஏற்றது. அது 48 மணியாகக் குறைய 1946 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஒரு நன்மை விளைந்தது. பிரதிநிதியைச் சர்க்கார் தன் இஷ்டப்படி பொறுக்காமல், தொழிலாளரே அனுப்ப வேண்டுமானால், அவர்களுக்கென்று தேசிய ஸ்தாபனம் வேண்டுமல்லவா? 1920 அக்டோபர் 31-ஆம் தேதி பம்பாயில் லாலா லஜபதி ராய் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்க வேண்டிய ஐந்து சந்தர்ப்பங்கள்

ஜினீவாவில் வருஷத்துக்கு ஒரு முறை நாலு பேரும் கூடிப் பேசிவிட்டு வந்தால் போதுமா? மீதி நாட்களில் சர்க்கார் தன் அறையில் தனியே உட்கார்ந்து முடிவு செய்தால் என்ன பிரயோஜனம்? இந்தக் குறையைத் தீர்க்க 1976-இல் ஏற்பட்டதுதான் 144-ஆம் உடன்படிக்கை. இந்தியா 1978 பிப்ரவரி 27-ஆம் தேதி இதை ஊர்ஜிதம் செய்தது. 150-க்கு மேற்பட்ட தேசங்கள் இன்று இதை ஏற்றிருக்கின்றன.

அந்த உடன்படிக்கை சொல்வது இதுதான். ஐந்து சந்தர்ப்பங்களில் சர்க்கார், முதலாளிகளையும் தொழிலாளரையும் கலந்து ஆலோசிக்க வேண்டும். முதலாவது, புதிய விதி ஒன்றைப் பற்றி ஜினீவாவிலிருந்து வினாத்தாள் வந்தால், அதற்குப் பதில் எழுதும்போது. இரண்டாவது, நிறைவேறிய உடன்படிக்கையைப் பார்லிமெண்டு போன்ற அதிகார சபையின் முன் வைக்கும்போது. மூன்றாவது, இதுவரை ஏற்காமல் ஒதுக்கி வைத்தவற்றை அவ்வப்போது மறுபடியும் எடுத்துப் பார்க்கும்போது. நான்காவது, ஏற்றதை எப்படி நடத்துகிறோம் என்று அறிக்கை அனுப்பும்போது. ஐந்தாவது, ஏற்ற உடன்படிக்கையிலிருந்து விலக நினைக்கும்போது. இந்த ஆலோசனை வருஷத்துக்கு ஒரு தடவையாவது நடக்க வேண்டும். இரு தரப்பாரும் சம அந்தஸ்துடன் உட்கார வேண்டும்.

"கேட்டுவிட்டால் போதுமா? சொன்னபடி செய்ய வேண்டாமா?" என்று நேயர்கள் வினவலாம். நியாயமான கேள்வி. முடிவு செய்யும் பொறுப்பு சர்க்காருடையதே. எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அந்த ஆலோசனை பயனுள்ளதாக இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை வற்புறுத்துகிறது. முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அச்சடித்த பிறகு, "பெண்ணுக்குச் சம்மதமா?" என்று கேட்பதற்கு ஆலோசனை என்று பெயரில்லை.

எழுபத்திரண்டு கஜம் துணி

நம் தேசத்தில் இந்த வழக்கம் 144-ஆம் உடன்படிக்கைக்கும் மூத்தது. 1942 ஆகஸ்டில், டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகா அங்கத்தினராக இருந்தபோது, அவருடைய தலைமையில் புது டில்லியில் முத்தரப்பு மகாநாடு கூடியது. அதுவே இந்தியத் தொழிலாளர் மகாநாடாக வளர்ந்தது.

1957-இல் கூடிய 15-ஆவது மகாநாட்டைக் குடும்பப் பெண்கள் அவசியம் அறிய வேண்டும். குறைந்த பட்சக் கூலி என்றால் எவ்வளவு? அதை ஊகமாகச் சொல்லாமல், மூன்று தரப்பாரும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கையே போட்டார்கள். உழைப்பவன் ஒருவனை நம்பி மூன்று பேரின் சாப்பாடு, ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 காலரி உணவு, நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கு முதலிய சில்லறைச் செலவுகளுக்குக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு. அது சட்டமல்ல, வெறும் தீர்மானந்தான். ஆனாலும் 1991-இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்று, குழந்தைகளின் படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்காக இன்னும் கால் பங்கு சேர்க்க வேண்டுமென்று சொல்லிற்று. மூவர் கூடிப் போட்ட கணக்கு 34 வருஷம் கழித்து நீதி ஸ்தலத்திலும் செல்லுபடியாயிற்று.

வருத்தமான செய்தியையும் சொல்லத்தான் வேண்டும். 2015 ஜூலையில் 46-ஆவது மகாநாடு நடந்தது. அதன் பிறகு 2024 முடிகிற வரையில் 47-ஆவது மகாநாடு கூடவில்லை. தொழிலாளர் சட்டங்களை எல்லாம் நாலு தொகுப்புகளாக மாற்றி எழுதிய பெரிய வேலை இந்த இடைவெளியில்தான் நடந்தது. வேறு கூட்டங்களில் பேசினோம் என்கிறது சர்க்கார். பேசியது போதாது என்கின்றன தொழிற்சங்கங்கள். யார் கட்சி சரியானாலும், போடப்பட்ட நாற்காலிகள் காலியாகக் கிடப்பது அழகல்ல.

பத்து நாளில் படித்த பாடம்

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ் நாட்டிலேயே சமீபத்திய உதாரணம் உண்டு. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி வரையில் வேலை வாங்க இடம் தரும் மசோதா சட்டசபையில் நிறைவேறிற்று. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, விரும்பியவர்களுக்கு மட்டுந்தான் என்று சர்க்கார் சமாதானம் சொல்லிற்று. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. 24-ஆம் தேதி மந்திரிகள் தொழிற்சங்கத்தாரை அழைத்துப் பேசினார்கள். அன்றே மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று அது வாபஸ் ஆகிவிட்டதாக முதன் மந்திரி அறிவித்தார். 1923-இல் சிங்காரவேலர் முதன் முதலாக மே தினம் கொண்டாடிய சென்னையில், சரியாக நூறு வருஷத்துக்குப் பின் நடந்த சம்பவம் இது. 24-ஆம் தேதி பேசியதை 20-ஆம் தேதிக்கு முன்பே பேசியிருந்தால், இவ்வளவு மனக் கசப்புக்கு இடமிருந்திராது.

நாற்காலி இல்லாதவர்கள்

இன்னும் ஒரு குறை இருக்கிறது. மூவர் கூடும் சபையில் தொழிலாளருக்காகப் பேசுகிறவர் சங்கத்தின் பிரதிநிதி. சங்கமே இல்லாதவர்களுக்கு யார் பேசுவது? நம் தேசத்தில் கொத்து வேலை செய்பவர், பீடி சுற்றுபவர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோரே பெருந்தொகையினர். 1982-இல் தமிழ் நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. இவர்களுக்கான நல வாரியங்களிலும் மூன்று தரப்பாருக்கும் இடம் வைத்தது அதன் பெருமை. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் 2007-இல் தனி வாரியம் ஏற்பட்டது. 2011-இல் ஜினீவாவில் வீட்டு வேலைத் தொழிலாளருக்கென்றே 189-ஆம் உடன்படிக்கை உருவானபோது, இந்திய சர்க்கார் அதை ஆதரித்து வோட்டளித்தது. ஆனால் ஊர்ஜிதம் செய்யவில்லை. சங்கம் அமைக்கும் உரிமையைப் பற்றிய 87, 98-ஆம் உடன்படிக்கைகளும் அப்படியே நிற்கின்றன. சங்கம் சேரும் உரிமை உறுதிப்படாமல், மூன்றாவது நாற்காலியில் உட்காருகிறவருடைய குரலுக்கு வலு எங்கிருந்து வரும்?

நிற்க. எங்கள் வீட்டு மகாநாட்டின் முடிவையும் சொல்லிவிடுகிறேன்.

மறு நாள் காலையில் என் மனைவி அந்த அம்மாளை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, "உனக்கு என்ன வேண்டும் என்று நீயே சொல்லு" என்றாள். அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "தீபாவளிக்குப் புடவை போதும், அம்மா. நீங்கள் ஊருக்குப் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருந்தால் அதுவே பெரிய உபகாரம். நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாலும் என் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே!" என்றாள்.

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தோம். பன்னிரண்டு நாள் சம்பளத்தையும் கணக்காய்ப் பிடித்துக்கொண்டவன் நான்தான். எங்கள் தீர்மானங்களில் எதிலும் அந்த விஷயம் இடம் பெறவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை. பிடித்த தொகையை அன்று மாலையே திருப்பிக் கொடுத்தோம்.

ஏழு மணி இப்போதும் ஏழு மணியாகவே இருக்கிறது.