வினாத்தாளுக்கும் ஒரு தேர்வு

நள்ளிரவில் நோயாளிக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டால், வார்டில் முதலில் விரைந்து வருபவர் பெரும்பாலும் பட்டமேற்படிப்பில் பயிலும் இளம் மருத்துவரே. “இவருக்குப் போதிய திறன் உண்டா?” என்று உடனிருப்போர் எங்களிடம் வினவுவதுண்டு. நியாயமான கேள்வி. அவர் எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு பெற்ற மருத்துவர். மூத்த மருத்துவரின் மேற்பார்வையில் மூன்றாண்டுப் பயிற்சி பெறுபவர். அவர்தம் அறிவை அவ்வப்போது தேர்வு வைத்து அளக்கிறோம். அளவுகோலே கோணலாயின் அளவு பிழைபடும். ஆகவே வினாக்களையும் சோதிக்கிறோம்.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். “இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு என்ன?” என்பது மனப்பாடத்தை மட்டுமே சோதிக்கும் வினா. மாறாக, “டயாலிசிஸ் தவறவிட்ட சிறுநீரக நோயாளி உடல் தளர்ந்து வருகிறார், பொட்டாசியம் மிக உயர்ந்துள்ளது, இ.சி.ஜி.யில் அதனால் விளைந்த மாற்றங்கள் தெரிகின்றன. உடனடியாக எதைச் செலுத்துவீர்?” என்று வினவினால், சிந்தித்தே விடையளிக்க வேண்டும். இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுக்கோனேட் என்பது விடை. இன்சுலினும் குளுக்கோஸும் தேவைதான். ஆயினும் அவை அதற்கு அடுத்த படி. இந்த வரிசையை அறிந்தவரே நோயாளியைக் காப்பார்.

வினாவின் அமைப்பும் முக்கியம். சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால், பாடம் அறியாதவரும் ஊகித்துவிடுவார். “மேற்கூறிய அனைத்தும்” என்னும் விடையும் அத்தகையதே. விடைகளை மறைத்துவிட்டு வினாவை மட்டும் படித்தாலே, தேர்ந்த மருத்துவர் பதில் கூற இயல வேண்டும். இயலாவிடில் அவ்வினாவைத் திருத்துகிறோம்.

தேர்வு முடிந்த பின் இரண்டு கணக்குகள் பார்க்கிறோம். எத்தனை பேர் சரியாக விடையளித்தனர் என்பது முதலாவது. அனைவரும் சரியாக எழுதிய வினா, யாருக்கு உதவி தேவை என்பதைக் காட்டாது. யார் சரியாக விடையளித்தனர் என்பது இரண்டாவது. மொத்த மதிப்பெண்ணில் முன்னிற்கும் பத்துப் பேரில் எட்டுப் பேரும், பின்தங்கிய பத்துப் பேரில் மூவரும் சரியாக எழுதியிருந்தால், வேறுபாடு 0.5, அது நல்ல வினா. வேறுபாடு சுழியத்துக்குக் கீழே சென்றால், குறை பெரும்பாலும் வினாவிலேயே இருக்கும்.

எங்களுக்கும் அவ்வாறு நேர்ந்ததுண்டு. “சர்க்கரை நோயாளி நினைவிழந்து கிடக்கிறார், முதலில் என்ன செய்வீர்?” என்று கேட்டிருந்தோம். இரத்தச் சர்க்கரையைச் சோதிப்பது என்பதே நாங்கள் குறித்திருந்த விடை. சிறந்த மாணவர் பலர் சுவாசப் பாதையைச் சரிபார்ப்பதைத் தேர்ந்திருந்தனர். அவர்கள் எழுதியதே சரி; பிழை எங்களுடையது. அவ்வினாவை மதிப்பெண்ணிலிருந்து நீக்கினோம்.

சிலரே எழுதும் தேர்வில் எண்களை மட்டும் நம்ப இயலாது. எனவே மூத்த மருத்துவர்கள் ஒவ்வொரு வினாவையும் தனித்தனியே படித்துக் கருத்துரைக்கின்றனர்.

எழுத்துத் தேர்வால் அளக்க இயலாதவையும் உண்டு. கனிவாகப் பேசுவது, பொறுமையாகக் கேட்பது, வலிக்காமல் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது ஆகியவற்றை நேரில் கண்டே அறிய வேண்டும். செய்முறைத் தேர்வுகளில் நோயாளிகளின் உதவியை நாடுவது இதனாலேயே. உங்கள் இசைவின்றி எவரும் உங்களைத் தேர்வுக்கு உட்படுத்தலாகாது. மறுத்தாலும் சிகிச்சையில் குறைவிராது. இளம் மருத்துவர் கூறியது விளங்கவில்லையெனில் தயங்காது எங்களிடம் தெரிவியுங்கள். எந்த வினாத்தாளும் காட்டாத குறையை உங்கள் சொல் எங்களுக்குக் காட்டும்.