டாக்டர்களும் ஊர்வலம் போனார்கள்!

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களில் வாழும் உங்களுக்குச் சங்கம் புதிதல்ல. ஆனால் டாக்டர்கள் ஊர்வலம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? போனார்களே! 2025 மே 6-ஆம் தேதி, புத்ராஜெயாவில், பிரதமர் அலுவலகத்தை நோக்கி.

மலேசிய மருத்துவர் சங்கமே 1959-இல் இரண்டு சங்கங்கள் ஒன்றாகிப் பிறந்ததுதான். அன்று அதனோடு தனியார் டாக்டர்களின் வேறு சங்கங்களும் கைகோத்தன.

காரணம் என்ன? மே 1 முதல் கிளினிக்குகள் மருந்து விலையை எழுதி வைக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. விலையைச் சொல்லத் தயார், கடைக்காரர்களுக்கான விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எங்களுக்கு எதற்கு என்றார்கள் டாக்டர்கள். 10 முதல் 35 வெள்ளி வரையிலான பார்வைக் கட்டணம் 1992-இலிருந்து அதுவரை ஏறவே இல்லை என்பது அவர்களின் இன்னொரு குறையாக இருந்தது.

இந்தக் குறை நியாயமானதே. கட்டணத்தில் கிடைக்காததை மருந்தில் எடுத்தால், ராத்திரியில் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடும் நீங்கள்தானே கட்ட வேண்டும்? எந்தச் சட்டமானால் என்ன, நமக்கு விலை தெரிந்தாக வேண்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனால், பார்வைக் கட்டணம் வேறு, மருந்து வேறு என்று பில்லில் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கும் போகலாம்.