விமானம் பொறித்த நினைவு நாணயங்கள்: விலையைத் தீர்மானிப்பது எது?

வரலாற்றுச் சிறப்புமிக்க விமானங்களின் உருவம் பொறித்த நினைவு நாணயங்களுக்குச் சேகரிப்பாளர்களிடையே தனி வரவேற்பு உண்டு. இணையவழி விற்பனைத் தளங்களில் ‘அரிய நாணயம்’ என்ற விளம்பரத்துடன் இவை விற்கப்படுகின்றன. எனினும், விமானத்தின் புகழ் மட்டுமே நாணயத்தின் விலையைத் தீர்மானிப்பதில்லை.

ஒரே விமானம், இரு நாணயங்கள்

1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முறையாகப் பறந்தது. 12 விநாடிகள் நீடித்த அந்தப் பயணத்தை நினைவுகூரும் வகையில், 2001-ஆம் ஆண்டு 25 சென்ட் நாணயத்தில் அவ்விமானம் பொறிக்கப்பட்டது. பொதுப் புழக்கத்துக்காக 100 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் அச்சிடப்பட்டதால், புழங்கித் தேய்ந்த ஒன்றுக்கு இன்றும் பெரும்பாலும் முகமதிப்பே கிடைக்கும்.

முதல் பயணத்தின் நூற்றாண்டையொட்டி, 2003-இல் அதே விமானம் பொறித்த 10 டாலர் தங்க நாணயம் வெளியிடப்பட்டது. அதில் சுமார் 15 கிராம் தங்கம் உள்ளது. எனவே, முகமதிப்பு 10 டாலராக இருந்தாலும், தங்கத்தின் சந்தை மதிப்பே அதைவிடப் பன்மடங்கு அதிகம்.

உச்சவரம்பும் உண்மை எண்ணிக்கையும்

அந்தத் தங்க நாணயத்துக்குச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு 1 லட்சம். விற்பனையானவையோ அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே, விளம்பரத்தில் கூறப்படும் வரம்பைவிட, உண்மையில் எத்தனை நாணயங்கள் வெளிவந்தன, அவற்றை வாங்க எத்தனை பேர் விரும்புகின்றனர் என்பதே முக்கியம்.

பிரிட்டன் விமானப் படையின் நூற்றாண்டையொட்டி 2018-இல் வெளியான 2 பவுண்டு நாணயங்களில் ஸ்பிட்ஃபயர், வல்கன் உள்ளிட்ட விமானங்கள் இடம்பெற்றன. அவை புழக்கத்துக்கு விடப்படாமல், சேகரிப்பாளர்களுக்கென முகமதிப்பைவிடக் கூடுதல் விலையில் விற்கப்பட்டன. அந்தக் கூடுதல் தொகை மறுவிற்பனையில் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

வெளியிட்ட நாட்டின் பெயரும் முகமதிப்பும் நாணயத்தில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். அவை இல்லையெனில், அது பெரும்பாலும் தனியார் தயாரித்த பதக்கமாகவே இருக்கும். எடை, உலோகத் தூய்மை, வெளியீட்டு எண்ணிக்கை ஆகியவற்றை, வெளியிட்ட நாணயச்சாலையின் அதிகாரப்பூர்வ விவரங்களுடன் ஒப்பிடுவது அவசியம். தங்க முலாம் பூசிய நாணயம் தங்க நாணயம் ஆகாது.

விற்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழைய நாணயங்களையும் ரூபாய் நோட்டுகளையும் விற்க முயல்வோரிடம், தனது பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திச் சிலர் கட்டணமும் வரியும் கேட்பதாக இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இத்தகைய விற்பனையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், கட்டணம் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் வழங்கவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது. நாணயத்தை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வதாகக் கூறி முன்பணம் கேட்டால், அதைச் செலுத்தாமல் விலகுவதே பாதுகாப்பானது.